‘உனக்குக் கணக்கு வராது’ என்று சொன்னது யார்?

போன வாரம் எங்கள் மாலை வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

திருநீர்மலையில் மலைக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஷீட் போட்ட இடத்தில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், பதினொன்றில் என்ன குரூப் எடுக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, “தேர்டு குரூப்தான் அக்கா. எனக்குக் கணக்கு வராதுன்னு மிஸ் சொல்லிட்டாங்க” என்றாள்.

அன்றைக்குக் கொஞ்ச நேரம் கழித்து அதே பெண் அவள் அம்மா வாங்கிய கடனைப் பற்றிப் பேசினாள். முப்பதாயிரம் ரூபாய் கடன். வாரம் 700 ரூபாய், 52 வாரம் கட்ட வேண்டும். “மொத்தம் 36,400 கட்டுறோம். 6,400 வட்டி. நூத்துக்கு இருபத்தியோரு ரூபாய்க்கு மேல வருது” என்று வாயாலேயே சொன்னாள். பிறகு அவள் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. “ஆனா அக்கா, முதல் வாரத்துலேயே 700 திருப்பிக் கொடுத்துடறோம். அடுத்த வாரம் இன்னும் 700. அப்புறமும் முழு முப்பதாயிரத்துக்கும் ஏன் வட்டி போடறாங்க?”

குறைந்துவரும் அசலுக்கு வட்டி என்ற கருத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். அவள் சொன்னபடி போட்டுப் பார்த்தால் அந்தக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தை நெருங்குகிறது. இந்தப் பெண்ணுக்குத்தான் கணக்கு வராதாம்.

எனக்கும் இதே வார்த்தையைச் சொன்னார்கள். நான் படித்த பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப் கேட்டு நின்றபோது, “கஷ்டப்படாதம்மா, உங்களுக்கெல்லாம் தேர்டு குரூப் போதும்” என்று ஒரு ஆசிரியர் அக்கறையோடுதான் சொன்னார். அந்த ‘உங்களுக்கெல்லாம்’ யாரைக் குறிக்கிறது என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

தோழர்களே, இடஒதுக்கீட்டைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நீட் பற்றிப் பேசுகிறோம். 2017-ல் அனிதாவை இழந்த வலி இன்னும் நம் தலைமுறைக்கு ஆறவில்லை. ஐஐடிகளில் நம் பிள்ளைகள் படும் அவமானத்தைப் பேசுகிறோம். எல்லாமே பேச வேண்டியவைதான். ஆனால் அந்த வாசல்களுக்கு வந்து சேருவதற்கு முன்பே, ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும், கணக்கு வகுப்பிலும் அறிவியல் வகுப்பிலும் கழித்துக்கட்டப்படும் பிள்ளைகளைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. பதினொன்றில் கணிதம் எடுக்காதவருக்குப் பொறியியல் கிடையாது. உயிரியல் எடுக்காதவருக்கு மருத்துவம் கிடையாது. அவர்களுக்காக நாம் போராடி வாங்கிய இடங்களுக்கு அவர்கள் விண்ணப்பம்கூடப் போட முடியாது. அதனால் கணக்கும் அறிவியலும் எப்படிச் சொல்லித்தரப்படுகின்றன என்பதும், அதற்கு ஆசிரியருக்கு என்ன பயிற்சி தரப்படுகிறது என்பதும் நம் உரிமைப் பிரச்சினை. அதைக் கல்வி வல்லுநர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது.

கரும்பலகை யாருடையது?

பாபாசாகேப் மும்பை எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கணக்கைச் செய்து காட்டும்படி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். சாதி இந்துப் பிள்ளைகள் கூச்சல் போட்டபடி ஓடினார்கள். அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் கரும்பலகைக்குப் பின்னால் இருந்தன. அவர் கிட்டே போனால் தீட்டாம். டப்பாக்களை அப்புறப்படுத்திய பிறகுதான் அவர் கணக்கைப் போட முடிந்தது.

அந்தக் கரும்பலகையை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வாருங்கள். 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். அவர் முன்பு வேலூரில் ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமைகளாக இருந்த குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுப் பள்ளியில் சேர்க்கும் வேலையைச் செய்தார். பத்து வயதில் முதல்முறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையை ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்காரவைத்தால் அது ஓடிப்போகும். அவரவர் வேகத்தில் படிக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி உருவாக்கியிருந்த அட்டை முறையிலிருந்து அதை எடுத்துக்கொண்டார்கள். 2007-08-ல் அது தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது.

உங்களில் பலர் அந்த வகுப்பில் படித்தவர்கள். அட்டைகள் நினைவிருக்கும், கற்றல் ஏணி நினைவிருக்கும். என் கண்ணில் பட்டவை வேறு இரண்டு. ஒன்று, நாற்காலியிலிருந்து இறங்கிய ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார வேண்டியிருந்தது. இன்னொன்று, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை, அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு. பாபாசாகேப்புக்கு மறுக்கப்பட்டது இந்த இரண்டும்தானே? சேரிப் பிள்ளைக்கு அருகில் ஆசிரியர் உட்காருவது. கரும்பலகையில் தனக்கென்று ஓர் இடம்.

இது தலித் குழந்தைகளுக்காகக் கொண்டுவந்த சாதி ஒழிப்புத் திட்டம் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் கற்பிக்கும் முறையை மாற்றினால் வகுப்பறையின் சாதி ஒழுங்கும் கொஞ்சம் ஆட்டம் காணும் என்பதற்கு அது சாட்சி.

பிறகு என்ன ஆனது? அட்டை வந்தது, பாய் வந்தது. அவற்றை ஏன் கொண்டுவந்தோம் என்ற பேச்சு எல்லா ஆசிரியர்களிடமும் போய்ச் சேரவில்லை. மேலே சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்துக்கு, அவர்களிடம் கேட்டவர்கள் வட்டார வள மையத்துக்கு என்று படிப்படியாக இறங்கும் பயிற்சியில் கடைசிப் படிக்கு வந்து சேர்வது ‘இதை இப்படி நிரப்பு’ என்ற கட்டளை மட்டும்தான். அட்டையை எடுத்துவைக்கும் ஆசிரியர் மனதில் ‘இதுங்களுக்கு இவ்வளவுதான்’ என்ற எண்ணம் அப்படியே இருந்தால், புதிய முறையும் பழைய வேலையைத்தான் செய்யும்.

தடை மூளையில் இல்லை

‘தகுதி, திறமை’ என்று பேசுபவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு கதை மும்பையில் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சேர்ந்த வி.ஜி. குல்கர்னியும் எஸ்.சி. அகர்க்கரும் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த பட்டியல் சாதி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை அறிவியலிலும் கணிதத்திலும் துணைநின்றார்கள். அவர்கள் கண்ட முக்கியமான தடை, பாடப்புத்தகமும் ஆசிரியரும் பேசிய மொழி. வீட்டில் யாரும் பேசாத மொழியில் எழுதப்பட்ட வாக்கியங்களுக்குள் கருத்து மாட்டிக்கொண்டிருந்தது. மொழியை எளிமையாக்கி, பிள்ளைகளைப் பேசவும் கேள்வி கேட்கவும் விட்டபோது, வேறு யாரும் எதிர்பார்க்காத மதிப்பெண்களோடு அவர்கள் வெளியே வந்தார்கள். அதே தேர்வு, அதே பாடத்திட்டம். யாரும் அவர்களுக்காகத் தரத்தைக் குறைக்கவில்லை.

சில தோழர்கள் கேட்பது உண்டு: “பணக்காரப் பிள்ளைக்கு ஐஐடி கோச்சிங், நம் பிள்ளைக்கு மட்டும் அட்டையும் பாட்டுமா?” இந்தச் சந்தேகம் நியாயமானது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை, மீதி நாளில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்ற குலக்கல்வியை, எதிர்த்து விரட்டிய மண் இது. 1954-ல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. ‘செய்து கற்றல்’ என்ற பெயரில் மறுபடி அதே பக்கம் தள்ளுகிறார்களா என்று நாம் கவனமாக இருக்க வேண்டும். உரசிப் பார்க்க என்னிடம் ஒரு கல் இருக்கிறது. இந்த முறை நம் பிள்ளையைப் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்துக்கும் அதற்கு மேலும் கொண்டுபோகிறதா? போகிறது என்றால் ஏற்போம். விளையாட்டிலேயே நிறுத்திவிடுகிறது என்றால் எதிர்ப்போம்.

இப்போது எங்கே நிற்கிறோம்?

கிராமப்புறங்களில் எடுக்கப்படும் அசர் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கு செய்யத் தெரிந்த பிள்ளைகள் 2018-ல் 25.9 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல் 11.2 சதவீதம். பள்ளி மூடியிருந்தபோது செல்போன் இருந்த வீடு தப்பித்தது, இல்லாத வீடு விழுந்தது. அந்த வீடுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பாடம். அதே ஆண்டு நவம்பர் 28-ல், திருச்சி காட்டூர் பாப்பாக்குறிச்சி ஆதிதிராவிடர் நலப் பள்ளியில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமான வானவில் மன்றம் தொடங்கியது. 13,210 அரசுப் பள்ளிகளுக்குத் தன்னார்வலர்கள் இருசக்கர வாகனத்தில் சோதனைப் பொருட்களை எடுத்துக்கொண்டு வருவார்கள். 2024 அசரில் மூன்றாம் வகுப்புக் கழித்தல் 15 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் ஏறியது. முறையும் உழைப்பும் சேர்ந்தால் பிள்ளைகள் எழுந்துவிடுகிறார்கள் என்பதற்கு இதுவே போதும்.

ஆனால் தன்னார்வலரின் வண்டி கிளம்பிப் போன பிறகு என்ன நடக்கிறது? பள்ளியின் சொந்த ஆய்வகம் பூட்டிக் கிடந்தால், கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், இருக்கும் ஆசிரியரும் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால், அந்த ஒரு நாள் வெறும் வேடிக்கைதான். பிஎம்ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியபோது அடிபட்டது இந்தப் பள்ளிகள்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை நடத்தும் மாநில அரசுக்கும், அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு.

நம் ஊரே ஆய்வகம்

பயிற்சி என்றால் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், எங்கள் பகுதியையே காட்டுவேன். 1863 மே 30 அன்று, இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியை ராபர்ட் புரூஸ் ஃபுட் எடுத்தது இங்கே பக்கத்தில் இருக்கும் பல்லாவரத்தில். எங்கள் தாத்தாக்கள் உடைத்த குவாரிகளின் கருங்கல்லுக்கு உலகம் முழுக்க ‘சார்னோக்கைட்’ என்று பெயர். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. பம்மல், நாகல்கேணி தோல் தொழிற்சாலைகளில் எங்கள் ஆட்கள் கை வெந்து வேலை செய்தார்கள். அந்தக் குரோமியம் எந்த வடிவத்தில் தோலைப் பதப்படுத்துகிறது, எந்த வடிவத்தில் நிலத்தடி நீரை நஞ்சாக்குகிறது என்பது பத்தாம் வகுப்பு வேதியியலைத் தாண்டிய மர்மம் இல்லை.

ஒரு ஆசிரியர் இந்தக் கல்லையும் இந்த நீரையும் வகுப்புக்குள் கொண்டுவந்தால், தோல் தொழிலாளியின் மகள் தலைகுனிய வேண்டிய விஷயம் அறிவுக்கான தொடக்கமாக மாறும். அவள் மறுபடி தோல் பதனிடப் போவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நீரைச் சோதித்து அறிக்கை எழுதும் வேதியியலாளராக அவள் வர வேண்டும்.

ஆசிரியர் பயிற்சியில் சாதியைப் பற்றிய பாடமும் இருந்தாக வேண்டும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்கள் வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தை மாற்றவும் பரிந்துரைத்தது. அதைச் செயல்படுத்து என்று கேட்பது நம் வேலை.

நாம் என்ன செய்யலாம்?

மாணவத் தோழர்களுக்கு மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையிலும் இடஒதுக்கீட்டு விதி உண்டு. பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். நம்மில் பலருக்கே இது தெரியாது. உங்கள் பகுதிப் பள்ளிகளில் ஃபர்ஸ்ட் குரூப்பில் எத்தனை பேர், எந்தப் பிரிவிலிருந்து சேர்க்கப்பட்டார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கணித, அறிவியல் ஆசிரியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்றும் அதே மனுவில் கேளுங்கள்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். நம் அம்மாக்கள் அங்கே கையெழுத்துப் போடுவதோடு திரும்பி வரக் கூடாது. “போன மாதம் ஆய்வகம் எத்தனை நாள் திறந்தீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

மூன்றாவது, மாலை வகுப்பு நடத்துபவர்கள் வாய்ப்பாட்டை ஒப்பிக்கவைத்து முடித்துவிடாதீர்கள். வாரக் கடன் அட்டையை எடுங்கள். மின்கட்டண அளவை எடுங்கள். அப்பாவின் கூலிக் கணக்கை எடுங்கள். அங்கிருந்து தொடங்கிச் சமன்பாடு வரைக்கும் போங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. அவள் போட்ட வட்டிக் கணக்கையே ஒரு தாளில் சமன்பாடாக எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். “இது நான் சொன்னதுதானே?” என்றாள். ஆமாம், நீ சொன்னதுதான் என்றேன். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

தேர்வு முடிவு வந்ததும் அவளும் அவள் அம்மாவும் பள்ளிக்குப் போய் ஃபர்ஸ்ட் குரூப் கேட்கப் போகிறார்கள். கூடவே நாங்களும் போகிறோம், கையில் இடஒதுக்கீட்டு விதியோடு. உங்கள் தெருவிலும் அப்படி ஒரு பிள்ளை இருப்பாள். அவளோடு யார் போவது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

ஜெய் பீம்.