வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில்: ஒரே மாநகரம், இரண்டு விதமான ஆரோக்கியம்

கொழும்பு மாநகர சபையின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. அதன் பிறகு இரண்டு வருடங்களுக்கும் மேலாக, மக்கள் தெரிவு செய்த பிரதிநிதிகள் இல்லாமலே இந்த நகரம் நிர்வகிக்கப்பட்டது. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்தது. ஜூன் மாதம் விராய் கெலி பல்தசார் மேயராகத் தெரிவானார். யார் ஆட்சி அமைத்தது, யார் யாருக்கு வாக்களித்தது, நமது உறுப்பினர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையெல்லாம் நாம் நிறையவே பேசிவிட்டோம். ஒரு கேள்வியை மட்டும் நமது சமூகம் இன்னும் உரத்துக் கேட்கவில்லை. ஒரே மாநகர எல்லைக்குள், ஒரே சபைக்கு வரி செலுத்தி வாழும் மக்களின் ஆரோக்கியம் ஏன் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகிறது?

கொழும்பு 13 கொட்டாஞ்சேனைக்கும் கொழும்பு 6 வெள்ளவத்தைக்கும் இடையில் பத்துக் கிலோமீற்றர் தூரம்கூட இல்லை. இரண்டு இடங்களிலும் தமிழ் பேசும் மக்கள் செறிந்து வாழ்கிறார்கள். இரண்டிலும் நமது பள்ளிவாசல்களும் கடைகளும் உறவினர்களும் உண்டு. ஆனாலும் இரண்டு இடத்துப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வளர்வதில்லை. கொழும்பு வடக்கில் பல வருடங்களாகப் படிப்பிக்கும் எனக்கு இது வகுப்பு இடாப்பிலேயே தெரிகிறது. மழைக்காலம் தொடங்கியதும் எந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் வராமல் போவார்கள் என்பதை இடாப்பைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

வைத்தியசாலை தூரமா?

நோய் என்றதும் நாம் முதலில் கேட்பது வைத்தியசாலையைத்தான். ஆனால் இந்த ஒப்பீட்டில் அது விடையல்ல. 1864 இல் தொடங்கப்பட்ட தேசிய வைத்தியசாலையும், பொரளை சிறுவர் வைத்தியசாலையும், காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் கொட்டாஞ்சேனை மக்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வெள்ளவத்தை மக்களுக்குக் களுபோவில வைத்தியசாலை அருகில். காலி வீதி நெடுகிலும் தனியார் கிளினிக்குகளும் உண்டு. நாட்டின் மிகச் சிறந்த இலவச வைத்திய சேவை இரு பகுதியினருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு பக்கத்தில் இருக்கிறது. எனவே வித்தியாசம் வைத்தியசாலையின் வாசலுக்கு வருவதற்கு முன்பே, வீட்டிலும் ஒழுங்கையிலும் வேலைத்தளத்திலும் உருவாகிறது.

இது கொழும்புக்கு மட்டும் உரிய கதையல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2008 இல் வெளியிட்ட அறிக்கை ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பகுதியை உதாரணம் காட்டியது. கல்டன் என்ற ஏழைப் பகுதியில் ஓர் ஆணின் சராசரி ஆயுட்காலம் 54 வருடங்கள். சில மைல் தூரத்திலுள்ள வசதியான லென்சியில் 82 வருடங்கள். ஒரே நாடு, ஒரே இலவச சுகாதார சேவை, ஆனால் 28 வருட வித்தியாசம். வாழும் இடமும் வருமானமும் ஆயுளை எவ்வளவு தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை.

வீடு என்னும் முதல் மருந்து

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் வாழ்ந்தோர் 5 இலட்சத்து 61 ஆயிரம் பேர். இதில் கொட்டாஞ்சேனை அடங்கும் கொழும்பு பிரதேச செயலகப் பிரிவில் 3 இலட்சத்து 23 ஆயிரம் பேரும், வெள்ளவத்தை அடங்கும் திம்பிரிகஸ்யாய பிரிவில் 2 இலட்சத்து 38 ஆயிரம் பேரும் இருந்தார்கள். வடக்கில் நெருக்கம் அதிகம். 2001 இல் செய்யப்பட்ட கணிப்பொன்று, நகரில் 1,614 குறைந்த வருமானக் குடியிருப்புகளில் 77 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாழ்வதாகச் சொன்னது. அதாவது நகர மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர்.

ஓர் அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் மற்ற ஐந்து பேரும் ஆபத்தில்தான். இலங்கையில் காசநோயாளர்கள் அதிகம் பதிவாகும் மாவட்டம் கொழும்பு என்பதில் ஆச்சரியமில்லை. காற்றோட்டமில்லாத அறை, ஒரே சுவரைப் பகிரும் வீடுகள், பக்கத்தில் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளின் புகை. இத்தனைக்கும் இடையில் வாழும் பிள்ளையின் இருமலுக்குச் சிரப் கொடுத்து மட்டும் தீர்வு காண முடியாது.

தோட்டங்களை அகற்றி மாடிக் குடியிருப்புகளுக்கு மக்களை அனுப்பியது ஒரு தீர்வாகச் சொல்லப்பட்டது. கழிவறையும் குழாய்த் தண்ணீரும் வீட்டுக்குள்ளேயே வந்தது உண்மையான முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் லிஃப்ட் பழுதானால் பத்தாம் மாடியிலுள்ள முழங்கால் வலிக்கார உம்மா கிளினிக்குக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார். ஏழு பேர் கொண்ட குடும்பத்துக்கும் மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கும் ஒரே அளவு வீடு. சுவர் புதிதாகிவிட்டது, நெருக்கம் அப்படியே இருக்கிறது.

குப்பையும் சாக்கடையும் போகும் திசை

பிரித்தானியர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் கடலில் சேரும் இடங்கள் இரண்டு. ஒன்று வடக்கே முகத்துவாரம், மற்றது தெற்கே வெள்ளவத்தை. நகரத்தின் அழுக்கு இரு முனைகளுக்கும் சமமாகவே பிரிக்கப்பட்டது என்று நினைக்கத் தோன்றும். குப்பை விடயத்தில் அப்படி நடக்கவில்லை. அது வடக்குக்கும் கிழக்குக்குமே போனது. கொட்டாஞ்சேனையை ஒட்டிய புளூமெண்டலில் வருடக்கணக்காக மலைபோல் குவிந்தது. பிறகு மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், அந்த மலை சரிந்து 30க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அடுத்து புத்தளம் அருவக்காடு தெரிவானபோது, புத்தளத்து மக்கள் 2018 இல் வீதிக்கு இறங்கினார்கள். குப்பையை உண்டாக்குவது ஒரு வட்டாரம், அதன் நாற்றத்தைச் சுவாசிப்பது இன்னொரு வட்டாரம். இந்த அநீதி கொழும்புக்குள்ளும் இருக்கிறது, கொழும்புக்கும் வெளி மாவட்டங்களுக்கும் இடையிலும் இருக்கிறது.

அதே 2017 இல்தான் நாடு காணாத அளவில் டெங்கு பரவியது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். டெங்கு ஏழை, பணக்காரர் பார்ப்பதில்லை என்பார்கள். நுளம்பு பார்ப்பதில்லைதான், ஆனால் அது பெருகும் இடம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. வெள்ளவத்தையில் கட்டிமுடிக்காத மாடிக் கட்டடங்களின் அடித்தளமும், யாரும் ஏறிப் பார்க்காத பீலிகளும் அதற்கு இடம் கொடுக்கின்றன. கொட்டாஞ்சேனையில் தண்ணீர் சேமிக்கும் மூடாத பீப்பாய்களும், அள்ளப்படாத குப்பையிலுள்ள யோகட் கோப்பைகளும். இரண்டுக்கும் ஒரே துண்டுப்பிரசுரத்தை விநியோகித்துப் பயனில்லை.

வெள்ளவத்தையும் ஆரோக்கியமாக இல்லை

இவ்வளவும் வாசித்த வெள்ளவத்தை வாசகர் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. முதலாவதாக, வெள்ளவத்தை முழுவதும் மாடி வீடுகள் அல்ல. கால்வாய் ஓரத்திலும் பாமன்கடைப் பக்கத்திலும் நெருக்கடியான குடியிருப்புகள் அங்கும் உண்டு. இரண்டாவதாக, வசதிக்கும் ஒரு நோய் இருக்கிறது.

2005-2006 இல் நாடளாவிய ரீதியில் செய்யப்பட்ட ஆய்வில், நகர்ப்புறத்து வயது வந்தோரில் 16.4 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. கிராமப்புறத்தில் 8.7 வீதம். மாகாணங்களில் மேல் மாகாணமே முன்னணியில் நின்றது. 2018-2019 இல் செய்யப்பட்ட தேசிய ஆய்வொன்று, நாடு முழுவதும் வயது வந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவு என்று கண்டது. நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. நமது வீடுகளில் எத்தனை பேர் மெட்ஃபோர்மின் குடிக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்.

வெள்ளவத்தைக்காரர் லிஃப்டில் இறங்கி, காரில் ஏறி, கடையில் உட்கார்ந்து, இரவு பத்து மணிக்குக் கொத்து சாப்பிடுகிறார். கொட்டாஞ்சேனைக்காரர் நாள் முழுக்க உழைத்துவிட்டு, சீனி அதிகம் போட்ட பிளேன்டியும் பாணும் ரோல்ஸும் சாப்பிடுகிறார். ஏனென்றால் அந்தக் காசுக்கு வயிறு நிறைவது அதில்தான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த மாதங்களில் எத்தனையோ வீடுகளில் முட்டையும் மீனும் பாலும் நின்றன. விலைகள் பின்னர் ஏறுவதை நிறுத்தினாலும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. இருவருக்கும் வருவது ஒரே நீரிழிவு. ஒருவருக்கு அது தெரிவினால் வருகிறது, மற்றவருக்குத் தெரிவு இல்லாததினால் வருகிறது. முதலாமவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பரிசோதிக்கிறார். இரண்டாமவர் காலில் புண் ஆறாதபோதுதான் தனக்கு நோய் இருப்பதை அறிகிறார். கால் போவது இரண்டாமவருக்குத்தான்.

நம்பிக்கை என்னும் மறைந்த காரணி

ஆரோக்கியத்தைத் தீர்மானிப்பவற்றில் எந்த அட்டவணையிலும் வராத ஒன்று நம்பிக்கை. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணிக்குப் பிறகு கொழும்பு வடக்கின் பல பொலிஸ் பிரிவுகள் வாரக்கணக்கில் முடக்கப்பட்டன. அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் மக்கள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டார்கள். அதே காலத்தில் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தும், 2020 ஏப்ரல் வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும் வரை அந்தக் கொடுமை நீடித்தது. 2024 ஜூலையில் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. மன்னிப்பு வந்தது, ஆனால் பயம் போகவில்லை. வைத்தியசாலைக்குப் போனால் ஜனாஸாவாகத்தான் திரும்புவோம், அதையும் எரித்துவிடுவார்கள் என்று அன்று ஒளிந்த மனம், இன்றும் சுகாதார உத்தியோகத்தர் கதவைத் தட்டினால் ஒரு கணம் தயங்குகிறது.

2017 முதல் 6 ஆம் தரத்து மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசி பாடசாலைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. பெற்றோரின் சம்மதப் படிவத்தை நாங்கள் வீட்டுக்கு அனுப்பினால், சில கையெழுத்தில்லாமல் திரும்பி வருகின்றன. பிள்ளை பெற முடியாமல் போகும் என்று வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய செய்தியே காரணம். அந்தத் தாய்மாரைத் திட்டுவது எளிது. ஆனால் அரசு ஒருமுறை நம்பிக்கையை உடைத்துவிட்டால், அதைத் திரும்பக் கட்டியெழுப்புவதற்கு ஊசியை விட அதிக வேலை தேவை. அந்த வேலையில் ஆலிம்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பங்குண்டு.

என்ன செய்யலாம்?

முதலில் மாநகர சபையிடம் ஒரு கோரிக்கை. டெங்கு அறிக்கை வரும்போது நாம் காண்பது பெரும்பாலும் "கொழும்பு மாநகரப் பகுதி" என்ற ஒற்றை எண். அந்த எண்ணுக்குள் கறுவாத்தோட்டமும் முகத்துவாரமும் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. 1854 இல் லண்டனில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் எந்தக் கம்பனியின் தண்ணீரைக் குடித்த வீடுகளில் அதிகம் பேர் இறந்தார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார். அந்த ஒப்பீடுதான் நோயின் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. நமக்கும் வட்டாரம் வட்டாரமாகக் கணக்கு வேண்டும். டெங்கு, காசநோய், பிள்ளைகளின் நிறைக் குறைவு, குப்பை அள்ளும் நாட்கள் ஆகிய நான்கையும் வட்டார வாரியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்டால், நிதி எங்கே போக வேண்டும் என்பது தானாகத் தெரியும். நமது உறுப்பினர்கள் சபையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

அடுத்தது நாமே செய்யக்கூடியவை. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் சீனி, பிரஷர் பரிசோதனை இலவசம். பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்குகள் உண்டு. ஆனால் நாளாந்தக் கூலி வேலை செய்பவரால் வேலை நாளில் அங்கு போய் வரிசையில் நிற்க முடியாது. சுகாதார வைத்திய அதிகாரியுடன் பேசி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் மண்டபத்தில் அந்தப் பரிசோதனையை நடத்த நிர்வாகத்தினரால் முடியும். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். பாடசாலை மைதானங்களை மாலையில் ஒரு மணிநேரம் அப்பகுதிப் பெண்களின் நடைப்பயிற்சிக்குத் திறந்துவிடலாம். வெள்ளவத்தைப் பெண்களுக்குக் கடற்கரையாவது இருக்கிறது, கொட்டாஞ்சேனைப் பெண்களுக்கு அதுவும் இல்லை. 1, 4, 7, 10 ஆம் தரங்களில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையின் பின் கண்ணாடியோ இரத்தப் பரிசோதனையோ தேவை என்று எழுதிக் கொடுக்கப்படும் பிள்ளைகளில், வசதியில்லாதவர்களைப் பின்தொடர்ந்து உதவ ஒரு சிறிய ஸகாத் நிதி போதும்.

கடைசியாக, சங்கடமான ஒரு விடயம். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் இன்று வசதியாக வாழும் நம்மில் பலரின் வேர் கொட்டாஞ்சேனையிலும் வாழைத்தோட்டத்திலும் புதுக்கடையிலும்தான் இருக்கிறது. உழைத்து முன்னேறி இடம் மாறியது தவறல்ல. ஆனால் இடம் மாறியபின், "அந்த ஆட்கள் சுத்தமில்லை, படிக்கவில்லை" என்று அதே தோட்டங்களைப் பற்றிப் பேசும் வழக்கம் நமக்குள் வந்துவிட்டது. பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதை ஈமானின் ஒரு பகுதியாகச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அடைபட்ட வடிகானும் அள்ளாத குப்பையும் இன்றைய இடைஞ்சல்கள். அவற்றை அகற்றும் பொறுப்பு அங்கே வாழ்பவருக்கு மட்டும் உரியதல்ல. ஒரே சபைக்கு வாக்களித்த, ஒரே ஸஃப்பில் நிற்கும் எல்லோருக்கும் உரியது.