இடிந்தது சுவர், ரத்தானது பாலிசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சங்கனூர் பள்ளம் நிரம்பினால் எங்கள் பக்கம் என்ன கதியாகும் என்பதை உங்கள் பத்திரிகை வருஷா வருஷம் படத்தோடு போடுகிறது. அதனால் தண்ணீர்க் கதையை விட்டுவிடுகிறேன். இந்த முறை என் வீட்டின் பின்பக்கச் சுவர் இடிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் கொடுத்தேன். வந்த சர்வேயர், இடிந்த சுவரைவிடப் பக்கத்து வீட்டுச் சந்தில் ஓடும் லேத் பட்டறையைத்தான் அதிக நேரம் பார்த்தார், போட்டோவும் எடுத்துக்கொண்டார். பணம் வரும் என்று காத்திருந்தால் கடிதம் வருகிறது. 'முக்கியத் தகவலை மறைத்த' காரணத்தால் என் பாலிசி ரத்தாம்!

ஏனுங்க, கணபதியில் பக்கத்தில் லேத் ஓடாத வீதி எது? ஆவாரம்பாளையத்தில் எது? பம்பு செட்டும் கிரைண்டரும் செய்து பிழைக்கிற ஊர் இது. விண்ணப்பப் படிவத்தில், அண்டை வீட்டுக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்க ஒரு கட்டம்கூடக் கிடையாது. கேட்காததைச் சொல்லாமல் விட்டது மறைப்பாம். அதுவும் போகட்டும், சுவரைத் தள்ளியது தண்ணீரா, லேத்தா?

கம்பெனி நினைத்தால் ரத்து செய்யலாம் என்ற காலம் ஒன்று இருந்தது. மேற்கு வங்கத்தில் துலியான் என்ற ஊரில், கங்கை கரையை அரித்துக்கொண்டிருந்த நேரத்தில் வீடுகளை இன்சூர் செய்தவர்களின் பாலிசியைக் கம்பெனி 1950-ல் ரத்து செய்தது. கொஞ்ச நாளில் வீடுகள் ஆற்றோடு போயின. ரத்து செல்லும் என்று 1966-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் இன்றைய விதி வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூன் 11-ல் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, மோசடி நிரூபணமானால் மட்டுமே கம்பெனி ரத்து செய்ய முடியும். தனிநபர் பாலிசிதாரருக்குக் குறைந்தது 7 நாள் நோட்டீஸ் தர வேண்டும். எனக்கு வந்த கடிதத்தில் மோசடி என்ற சொல்லே இல்லை. ரத்துத் தேதியாகப் போட்டிருப்பதோ கடிதம் எழுதிய அதே தேதி!

பொய் க்ளெய்ம் கொடுப்பவர்களும் இருக்கிறார்களே என்று கம்பெனிக்குப் பரிந்து பேசுகிறவர்கள் கேட்பார்கள். இருக்கட்டும். நிரூபித்துவிட்டு ரத்து செய்யட்டும், யார் தடுத்தது? இங்கே குற்றம் சாட்டுவதும் கம்பெனி, தீர்ப்பு எழுதுவதும் கம்பெனி.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்பார்கள். முதலில் கம்பெனிக்கே புகார் எழுதி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு சென்னையில் இருக்கும் குறைதீர்ப்பாளருக்கு மனு. மனுவை ஆன்லைனில் போடலாம், விசாரணை வீடியோவில்கூட நடக்கும், எல்லாம் சரி. ரத்து மட்டும் அன்றைக்கே அமலாகிவிடுகிறதே! என் முறை வரும்வரை வடகிழக்குப் பருவமழை காத்திருக்குமா?

இந்த பாலிசியை நானாகத் தேடிப்போய் வாங்கவும் இல்லை. வீட்டுக் கடன் கொடுத்த வங்கியே 10 ஆண்டுக்கான பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டியது. மிச்சக் காலத்துக்கான தொகையைத் திருப்பித் தருவதாகக் கம்பெனி சொன்னதோடு சரி. செத்துப்போன பாலிசிக்கு வட்டியும் சேர்த்து நான் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் வங்கியிலிருந்து ஆள் வந்துவிட்டார்: கடன் நிபந்தனைப்படி வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தாக வேண்டுமாம், உடனே புதிதாக எடுக்க வேண்டுமாம். அவர் நீட்டிய படிவத்தில் ஒரு கேள்வி: 'இதற்கு முன் எந்த நிறுவனமாவது உங்கள் பாலிசியை ரத்து செய்துள்ளதா?' ஆம் என்று எழுதினால் எவன் பாலிசி தருவான்? இல்லை என்று எழுதினால் அதுதான் அசல் மறைப்பு.

2047-க்குள் எல்லோருக்கும் காப்பீடு என்று ஐதராபாத்தில் இருந்துகொண்டு முழங்குகிறது ஆணையம். புதிதாக ஆள் சேர்ப்பது இருக்கட்டும் சாமி, இருக்கிறவனைத் தள்ளிவிடாமல் பாருங்கள். ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யை எடுத்த டெல்லி, வீட்டுக் காப்பீட்டுக்கு இன்னும் 18 சதவீதம் கறக்கிறது. சொத்துவரியை மறக்காமல் ஏற்றும் நம் மாநகராட்சியோ, பள்ளம் பொங்கிய பிறகுதான் பொக்லைனைத் தேடுகிறது. வாங்குவதில் மட்டும் யாருக்கும் தாமதமே இல்லை.

கம்பெனியின் ரத்துக் கடிதம், குறைதீர்ப்பாளர் விசாரித்து முடிக்கும்வரை செல்லாது என்று ஆணையம் ஒரு வரி சேர்க்க வேண்டும். வீட்டுக் காப்பீட்டு ரத்து வழக்குகளுக்காகக் கோவையிலேயே அவர் மாதம் ஒருமுறையாவது அமர வேண்டும். நம் எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வியாகவாவது எழுப்பலாம். அதற்கு யாரும் பிரீமியம் கேட்கப் போவதில்லை.

கடிதத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். கம்பெனியின் பெயரை வெளியிட வேண்டாம். இந்த ஒரு கம்பெனிதான் இப்படி என்று மற்றவை நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும்.

இப்படிக்கு,
பாலிசி இழந்த வாசகர்,
கணபதி, கோவை – 6