இணையவழி உளவள ஆலோசனை: சங்கத்தின் நிலைப்பாடு

இணையவழி ஆலோசனைச் செயலி நிறுவனம் ஒன்றின் புதிய ஒப்பந்தத்தால் பொதுக்குழுவில் எழுந்த அமளி உறுப்பினர்கள் அறிந்ததே. கையெழுத்துக் கெடு நெருங்குவதால் செயற்குழு இதை வெளியிடுகிறது.

இணையவழி ஆலோசனை பலன் தருமா என்ற பழைய வழக்கை மீண்டும் கிளறவில்லை. மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் காணொளிவழிச் சிகிச்சை பெரும்பாலும் நேர்ச் சிகிச்சைக்கு ஈடான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2022 முதல் அரசே 14416 எண்ணில் டெலி மானஸ் என்னும் தொலைபேசிவழி மனநலச் சேவையை நடத்துகிறது. நேரில் பார்ப்பதே முறை என்னும் மூத்தோர் கருத்தையும் செயற்குழு மதிக்கிறது.

எங்கள் ஆட்சேபம் ஒரு பிரிவின்மீதுதான். "தர மேம்பாட்டுக்காக" எல்லா அமர்வுகளும் பதிவாகுமாம். எத்தனை காலம் வைத்திருப்பார்கள், யார் கேட்பார்கள் என்று ஒரு வரி இல்லை. பொத்தானை அழுத்திவிட்டால் சம்மதமாம்! கணவர் கீழே இருக்கிறார் என்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று ஒரு பெண் அமர்வில் நம்மிடம் பேசுகிறார். பக்கத்து மாடிக்கு யாரோ துணி எடுக்க வந்ததும், "சரிக்கா, சாயங்காலம் வரேன்" என்று பேச்சை மாற்றுகிறார். இத்தனை பாடுபட்டு அவர் காப்பதை நாமே சர்வரில் கொட்டிவிட்டு, "இது நமக்குள் இருக்கும்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

வீண் அச்சம் என்பவர்களுக்கு: மனச்சோர்வு பற்றிய கேள்விகளுக்குப் பயனர்கள் நம்பி அளித்த தகவல்களை பேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக பெட்டர்ஹெல்ப் என்னும் இணையவழி ஆலோசனை நிறுவனத்தின்மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியக் காப்பை உரிமையாக்கியிருக்கிறது. ஆலோசகர்கள் அதற்குள் வரமாட்டார்கள் என்று நிறுவனத்தின் வக்கீல் எழுதியிருக்கிறார். வராமலே போகட்டும். சட்டத்தின் சந்தில் புகுந்து பிழைப்பதற்கா இந்தத் தொழிலுக்கு வந்தோம்?

ஆகவே, இப்பிரிவு நீங்கும்வரை உறுப்பினர்கள் கையெழுத்திடுவதை இயன்றவரை தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். "இயன்றவரை" என்ற சொல் வேண்டாம் என்று நால்வர் வாதிட்டது பதிவாகியுள்ளது. மாத வருமானத்துக்கு இச்செயலியையே நம்பியிருக்கும் இளையவர்களை முன்னிட்டு அது நிற்கிறது. கையெழுத்திட்டாலும் இல்லாவிட்டாலும், இணையவழி அமர்வில் தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் உதவ, வந்தவர் இருக்கும் இடத்தையும் நெருங்கியவர் ஒருவரின் எண்ணையும் முதல் அமர்விலேயே கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள்மீது தற்போதைக்கு நடவடிக்கை இல்லை. ஆனால், ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் "நாம் பேசுவது பதிவாகிறது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டதும் இணைப்பைத் துண்டிப்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இதில் "இயன்றவரை" கிடையாது.