வந்தவர் காத்த வீடு



ஊரில் பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பை இன்றும் அலுமாரிக்குள் வைத்திருப்போர் எம்மிடையே பலர். வீடு என்றால் வெறும் கல்லும் மண்ணும் அல்ல என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் நியூயோர்க் மாநிலத்து வீடொன்றின் கதையை இம்முறை எடுத்துக்கொண்டோம்.

ஹட்சன் ஆற்றின் அருகே, ஏர்விங்டன் என்னும் ஊரில் இருக்கிறது அந்த மாளிகை. பெயர் வில்லா லெவாரோ. 1918இல் அதைக் கட்டி முடித்தவர் மடம் சி. ஜே. வோக்கர் என்னும் கறுப்பினப் பெண்மணி. அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1867இல் பிறந்தவர். ஏழு வயதில் தாய் தந்தையரை இழந்தார். இருபது வயதில் கணவரையும் இழந்தார். கைக்குழந்தையுடன் உடுப்புத் தோய்த்துப் பிழைத்தவர், பின்னர் கூந்தல் பராமரிப்புப் பொருட்கள் தயாரித்துப் பெரும் வர்த்தகரானார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்கு விற்பனை முகவர் தொழில் கொடுத்தார். தம் மக்களால் எதுவும் முடியும் என்பதற்குச் சாட்சியாகவே அம்மாளிகையைக் கட்டினார். வரைபடம் தயாரித்த வேர்ட்னர் டாண்டியும் கறுப்பினத்தவரே. 1919இல் அந்த வீட்டிலேயே அம்மையார் காலமானார்.

1931இல் மகளும் மறைந்தார். வீடு, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட பெரும் சங்கமொன்றின் கைக்குப் போனது. அதுவோ பொருளாதார மந்தக் காலம். இத்தனை பெரிய வீட்டைப் பராமரிக்கும் வழியின்றிச் சங்கம் அதை விற்றுவிட்டது. பின்னர் நெடுங்காலம் முதிய பெண்களுக்கான இல்லமாக இருந்தது. 1993இல் ஹரோல்ட் டோலி என்ற கறுப்பின நிதித்துறையாளர் அதை வாங்கி, இருபத்தைந்து ஆண்டுகள் பேணித் திருத்தினார். இனி வாங்குபவரும் வீட்டின் வரலாற்றுத் தோற்றத்தைச் சிதைக்க முடியாதபடி சட்ட உடன்படிக்கையும் செய்துவைத்தார்.

2018இல் அதை வாங்கியது, ரிஷலூ டெனிஸ் குடும்பத்தின் நியூ வொய்சஸ் அறக்கட்டளை. டெனிஸ் லைபீரியாவில் பிறந்தவர். 1991இல் அமெரிக்காவில் பட்டம் பெற்றபோது அவருடைய நாட்டில் போர். அவராலும் தாயாராலும் ஊர் திரும்ப முடியவில்லை. பாட்டியின் செய்முறைப்படி சவர்க்காரம் தயாரித்து நியூயோர்க் தெருக்களில் விற்றார்கள். அந்தத் தொழில்தான் பெருநிறுவனமாக வளர்ந்தது. கறுப்பினப் பெண் தொழில் முனைவோருக்குப் பயிற்சியும் ஊக்கமும் கொடுக்கும் இடமாக வீட்டை ஆக்குவதே தம் நோக்கம் என்று வாங்கியபோது அவர்கள் அறிவித்தார்கள்.

வோக்கர் அம்மையாருக்கும் டெனிசுக்கும் இரத்த உறவு இல்லை. பிறந்த நாடும் வேறு. ஆனாலும் போரால் ஊர் திரும்ப முடியாமற்போன ஒருவர் அந்த வீட்டுக்குப் பொறுப்பேற்றார்.

எமது சங்கங்களும் மண்டபம், கோயில், பள்ளிக்கூடம் என்று கட்டடங்கள் வாங்குகின்றன. திறப்பு விழாவுக்குக் குறைவில்லை. ஆனால் பத்து ஆண்டுகளின் பின் கூரை ஒழுகினால் காசுக்கு எங்கே போவது? உறுதி யார் பெயரில் இருக்கிறது? நிர்வாகம் மாறினால் விற்றுவிடாமல் தடுக்க என்ன ஏற்பாடு? நல்ல நோக்கமுள்ள சங்கமே அந்த மாளிகையை விற்க நேர்ந்ததை மறக்கலாகாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் இம்மூன்றையும் கேளுங்கள். நேற்று வந்தவர்கள் நாம், கேட்க எமக்கு என்ன உரிமை என்று பின்வரிசையில் இருந்துவிடாதீர்கள். நாளை அந்தக் கட்டடத்தைக் காக்கப் போவது நீங்களாகவும் இருக்கலாம்.