தந்தை தடுக்காத புத்தகம்

காதற் கதை வாசிக்கும் பெண்பிள்ளையைக் கண்டால், புத்தகத்தைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது நம்மிற் பலருக்கு வழக்கம். அவ்வாறு செய்யாத ஒரு தந்தையின் கதையை இன்று எடுத்துக்கொள்வோம்.

ஆங்கில நாவலாசிரியை ஜோர்ஜெட் ஹேயர் 1902ஆம் ஆண்டு விம்பிள்டனிற் பிறந்தவர். அவருடைய தந்தை மகளை நிறைய வாசிக்கத் தூண்டினார். எந்தப் புத்தகத்தையும் தடுத்தாரில்லை. தம்பி பொரிஸோ, குருதி இலகுவில் உறையாத நோயால் வருந்தியவர். அவரை மகிழ்விப்பதற்காகப் பதினேழு வயதில் அக்கா ஒரு தொடர்கதை சொல்லத் தொடங்கினார். அதனைக் கேட்டு மகிழ்ந்த தந்தை, அச்சேற்றலாமே என்று ஊக்கினார். 'த பிளாக் மொத்' என்னும் அந்நாவல் 1921இல் வெளிவந்தபோது ஹேயருக்கு வயது 19.

1925இல் தந்தை திடீரெனக் காலமானார். தம்பியர் இருவரையும் தாங்கும் பொறுப்பு மகள்மீது வீழ்ந்தது. அப்போது கைகொடுத்தது, தந்தை வளர்த்துவிட்ட அந்த எழுத்தே. அடுத்த ஆண்டு வெளிவந்த 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' என்னும் காதல் நாவல் அமோகமாக விற்பனையாயிற்று.

புகழ் வந்த பின்னரும் ஹேயர் வாசகராகவே இருந்தார். பழைய காலத்து உடை, உணவு, பேச்சு ஆகியவற்றைப் பிழையின்றி எழுதுவதற்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்களை வீட்டிற் சேர்த்து வைத்தார். காதற் கதைக்கும் அத்துணைப் படிப்பு வேண்டியிருந்தது!

பெற்றோரே, பூட்டிவைத்த புத்தகத்தை இன்று மாலை பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்போம். அதில் என்ன கதை என்று கேட்டு, சற்று நேரம் உடன் இருப்போம்.