போடி மலையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

செயற்கை நுண்ணறிவில் அயல்நாடுகளோடு கூடி வேலை செய்வது அடிமைத்தனம் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். அதற்கு அவர் நிறுத்தும் சாட்சி எங்கள் போடி மேற்கு மலை. அங்கே அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்தைத் தடுத்துப் பொட்டிபுரம் கிராமம் அந்நியச் சதியை முறியடித்தது, அதே உறுதியோடு நாடும் எல்லாக் கூட்டுகளையும் உதற வேண்டும் என்கிறார். சாட்சியும் பொய், தீர்ப்பும் பொய்.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த அந்தத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியது மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். பணம் இந்திய அரசுடையது. 50,000 டன் இரும்புக் கருவிக்கான கண்ணாடி உணரிகளை இந்திய ஆய்வாளர்களே வடிவமைத்தார்கள். சிறிய மாதிரிக் கருவி மதுரையில் ஓடியது. இதைவிடச் சுதேசியான திட்டம் ஒன்றை அவர் காட்டட்டும். பொட்டிபுரத்துக்காரர்கள் அஞ்சியது கிணற்றுக்கும் மேய்ச்சலுக்கும் அம்பரப்பர் மலைக்கும் என்ன ஆகுமோ என்று. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் பேசியது காட்டையும் புலிகளையும் பற்றி. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கவலைகள் நியாயமானவை, நானும் மதிக்கிறேன். அவற்றைப் பிடுங்கிச் சதிக் கதைக்கு முட்டுக் கொடுப்பது அந்த ஊர் மக்களை அவமதிப்பது.

1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவைப் பதிவு செய்து உலகின் முன்வரிசையில் நின்றோம். அந்தக் குழுவில் டாடா நிறுவனத்தோடு ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் இருந்தன. யாருக்கு அடிமையானோம்? சுரங்க ஆய்வகத்தை மூடிய பிறகுதான் பின்தங்கினோம். சீனாவைப் பாருங்கள். நியூட்ரினோ பற்றி நாம் தேட நினைத்த அதே விடைக்காக அங்கே ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. அதன் 20 அங்குல ஒளி உணரிகளில் சுமார் 15,000 சீனத் தயாரிப்பு, 5,000 ஜப்பானின் ஹமாமட்சு தந்தது. ஐரோப்பியர்கள் உள்ளே வேலை செய்கிறார்கள். சுயசார்பு போய்விட்டதா?

இந்திய எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமான நயாரா எனர்ஜிக்கு நடந்ததைச் சொல்லிக் கட்டுரையாளர் கேட்பார். கேட்கட்டும். 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடையைச் சொல்லி மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்துக்குச் சேவையை நிறுத்தியது. டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே சேவை திரும்பியது. உண்மையான ஆபத்து. ஆனால் நயாரா அங்கே கூட்டாளி அல்ல, வாடிக்கையாளர். காசு கொடுத்து வாங்குவதையும் கூடிச் செய்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் அவர் வாதமே நிற்கிறது. அதே ஆண்டு மே மாதம் இந்தியாவின் சர்வம் நிறுவனம் பிரெஞ்சு மிஸ்ட்ராலின் திறந்த மாதிரியை எடுத்து, இந்திய மொழிகளில் பயிற்றி, சர்வம்-எம் என்று வெளியிட்டது. அந்நியச் சரக்கு என்று அதைத் தூற்றியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை: நம் கணினியில் இறக்கி வைத்த மாதிரியைப் பாரிஸிலிருந்து யாராலும் அணைக்க முடியாது. எல்லாவற்றையும் தனியே செய்ய வேண்டும் என்றால் சில்லுக்கு எங்கே போவது? என்விடியா அமெரிக்காவில் வடிவமைக்கிறது, தைவான் அதை உருவாக்குகிறது, அதற்கான இயந்திரம் நெதர்லாந்திலிருந்து வருகிறது. அமெரிக்காவுக்கே இல்லாத தனிமையை நம்மிடம் கேட்கிறார்.

கதவை மூடினால் என்ன மிஞ்சும் என்று ஏலமலைக்குத் தெரியும். இந்த மலைகளின் ஏலச்செடி நூறாண்டுக்கு முன் கவுதமாலாவில் வேரூன்றி, இன்று அந்த நாட்டை முதன்மை ஏற்றுமதியாளராக்கியிருக்கிறது. நம்மை நிலைக்க வைத்தது கதவடைப்பு அல்ல, கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம். போடிக்கும் கேரளத்தின் புற்றடிக்கும் பொதுவான மின் ஏலத்தில்தான் காய் விலைபோகிறது.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஏலக்காய் அழுகலைப் படம் பார்த்துச் சொல்லும் செயலி வரும்போது, அந்தப் படங்கள் இடுக்கி மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தின் உரிமையில் இருக்க வேண்டும். தேவாரத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறும் பெண்களின் தமிழை வைத்துப் பயிற்றும் எந்த நிறுவனமும், அந்த மாதிரியின் நகலை நம் கணினிகளில் வைத்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் இதை எழுத வைக்க, பேச்சு நடக்கும் மேசையில் நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து எழுந்து போகச் சொல்கிறார் கட்டுரையாளர்.