பெற்றோர் பக்கம்: பொதுக் கொள்கை என்றொரு படிப்பு



சென்ற ஆண்டு மே மாதத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் சகோதரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். தாராவியில் இட்லி வியாபாரம் செய்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர் அவர். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். "ஐயா, பொறியியல் வேண்டாமாம். பொதுக் கொள்கை என்று ஏதோ பி.ஏ. படிக்கப் போகிறாளாம். நீங்கள்தாம் புத்தி சொல்லவேண்டும்" என்றார். அப்படிப்பைப்பற்றி எனக்கும் அன்று ஒன்றும் தெரியாது. ஆயினும் தெரிந்தவனைப்போல மகளை அழைத்து, "அரசியல் நமக்கு எதற்கம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் அமைதியாக, "பாஸ்டர், பக்கத்து வீட்டு அத்தைக்கும் எங்களுக்கும் திருநெல்வேலி ரேஷன் அட்டைதான். அத்தைக்கு இங்கே மும்பையில் அரிசி கொடுக்கிறார்கள், எங்களுக்கு இல்லை என்கிறார்கள். ஏன்?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்றே நானும் எண்ணியிருந்தேன்.

விடை சட்டத்தில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராம மக்களில் 75 விழுக்காட்டினர் வரையும், நகர மக்களில் 50 விழுக்காட்டினர் வரையும் மலிவு தானியத்திற்கு உரிமையுடையோர் என்று வரையறுத்தது. தமிழகமோ அந்த வரம்பைத் தாண்டியும் தன் சொந்தச் செலவில் அரிசி வழங்கிவருகிறது. ஊரில் இருக்கும்வரை இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் 2019இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2022இல் அசாம் சேர்ந்ததோடு நாடு முழுவதையும் எட்டியது. ஆனால் அது மத்தியச் சட்டத்தின்கீழ் வருகிற அட்டைகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழக அட்டையில் பி.எச்.எச். என்ற குறியீடு இருந்தால் மும்பையிலும் தானியம் உண்டு. என்.பி.எச்.எச். என்றிருந்தால் ஊரில் மட்டுமே.

இவ்விதமான கேள்விகளை முறையாக ஆராய்வதே பொதுக் கொள்கைப் படிப்பு. பொருளியல், புள்ளியியல், அரசியல் அறிவியல், சட்டம் ஆகியவற்றை ஒருசேரக் கற்பிக்கின்றனர். ஒரு திட்டத்தின் வரம்பை யார் வகுத்தார், பணம் எங்கிருந்து வருகிறது, யார் விடுபட்டார், ஏன் விடுபட்டார் என்று தேடவேண்டும். வரவுசெலவு அறிக்கையையும் மக்கள்தொகைக் கணக்கையும் வாசிக்கப் பழகவேண்டும். கணக்கைக் கண்டு அஞ்சுகிற பிள்ளை, 'கலைப் படிப்புதானே' என்று இதில் சேர்ந்தால் முதல் ஆண்டிலேயே திகைத்துப்போகும்.

மறைக்காமல் சொல்லவேண்டியவையும் உண்டு. இளங்கலை முடித்தவுடன் வளாகத்திலேயே வேலை கிடைக்கும் என்று நம்பிச் சேர்க்கவேண்டாம். ஆய்வு நிறுவனங்கள் பலவும் முதுகலைப் பட்டத்தையே எதிர்பார்க்கின்றன. தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பல லட்சம் ரூபாய். நகையை அடகு வைத்து அங்கே சேர்ப்பதைவிட, கட்டணம் குறைந்த கல்லூரியில் பொருளியலோ அரசியல் அறிவியலோ படித்துவிட்டு, முதுகலையில் இத்துறைக்கு வருவது நல்லது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் 2014 முதல் இதற்கென முதுகலைப் படிப்பு நடக்கிறது. எந்தப் பட்டதாரியும் குடிமைப்பணித் தேர்வு எழுதலாம். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆய்வு உதவியாளராய் இளைஞர் பணியாற்றும் லேம்ப் என்னும் பயிற்சியும் 2010 முதல் உண்டு. (நம் வீடுகளில் கலெக்டர் என்ற ஒரு பெயரைத் தவிர அரசுப் பணியில் வேறெதுவும் காதில் விழுவதில்லை, அது வேறு கதை.)

அந்தச் சகோதரர் இரண்டு வாரம் யோசித்தார். இறுதியில் கட்டணத்தைக் கணக்கிட்டு, மும்பையிலேயே பொருளியலில் சேர்த்தார். பொதுக் கொள்கை முதுகலையில் என்று தகப்பனும் மகளும் உடன்பட்டனர். மகளுக்கு அதில் முழு மகிழ்ச்சி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் விடுமுறையில் அவள் சபைக்கு வந்தபோது, தாய்மார்களின் அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாய்க் குறியீடு பார்த்தாள். இருவருடைய அட்டை பி.எச்.எச். பல ஆண்டுகளாக இங்கே விலை கொடுத்து அரிசி வாங்கியவர்கள் அவர்கள். மறுநாளே கடைக்குப் போனார்கள். தகப்பனுடைய அட்டையில் என்.பி.எச்.எச். என்றே இருந்தது.